ரயில் வராத பட்டு ஊர்... ஆரணியைச் சுமக்கும் எஸ்.எச் 4 சாலையின் கதை!

ரயில் டிக்கெட் புக் பண்ற ஆப்பை ஒரு தடவை திறங்க. 'ஆரணி'னு தேடிப் பாருங்க. 'ஆரணி ரோடு'னு ஒரு ஸ்டேஷன் காட்டும். 'சூப்பர், கல்யாணப் பட்டு எடுக்க ரயில்லயே போயிடலாம்'னு நம்பி ஏறினீங்கன்னா, இறங்குற இடம் களம்பூர். அங்கிருந்து ஆரணி டவுனுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகணும்!

'ரோடு' என்று முடியும் ஸ்டேஷன் பெயர்களுக்கு ஒரே அர்த்தம்தான். 'ஊர் இங்க இல்ல, ஊருக்குப் போற ரோடு இங்க இருக்கு!'

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதை போட்டபோது, அது திருவண்ணாமலை, போளூர், களம்பூர் வழியாகப் போனது. ஆரணி ஊருக்குள் வரவில்லை. பிறகு வந்த தேசிய நெடுஞ்சாலையும் கிட்டத்தட்ட அதே பக்கம்தான் போனது. வேலூரிலிருந்து தூத்துக்குடி வரை போகும் என்.எச் 38, கண்ணமங்கலம், போளூர், திருவண்ணாமலை என்று ஆரணிக்கு மேற்கே ஒதுங்கிப் போய்விடுகிறது.

ஆக, ரயிலும் இல்லை, தேசிய நெடுஞ்சாலையும் இல்லை. ஆனாலும், புவிசார் குறியீடு வாங்கிய பட்டு இங்கிருந்துதான் போகிறது. தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் 'ஆரணி அரிசி' என்றால் தனி மவுசு. இதெல்லாம் எப்படி வெளியே போகிறது?

அதற்கான பதில் பச்சைத் தலை வைத்த மைல் கல்லில் இருக்கிறது. மாநில நெடுஞ்சாலை எண் 4, சுருக்கமாக எஸ்.எச் 4. இந்தச் சாலையைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்? அதைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு ரவுண்டு போய் வந்துவிடலாம்.

மஞ்சளா, பச்சையா?

மைல் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. வித்தியாசம் பெயின்ட்டில் மட்டும் இல்லை. தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசின் பொறுப்பு. மாநில நெடுஞ்சாலைக்குப் பணம் ஒதுக்குவது, அகலப்படுத்துவது, குழியை அடைப்பது எல்லாம் மாநில அரசின் வேலை.

சாலைகளை இப்படித் தரம் பிரிக்கும் முறை 1943-ல் நாக்பூரில் நடந்த பொறியாளர்கள் மாநாட்டில் பிறந்தது. தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று அங்கே வகுத்தார்கள். 1946-ல் சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைகளுக்கென்று தனித் துறை வந்தது.

எஸ்.எச் 4-ன் ரூட் இதுதான்: ஆற்காடு - திமிரி - ஆரணி - சேத்துப்பட்டு - வளத்தி - செஞ்சி - விழுப்புரம். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, விழுப்புரம் என மூன்று மாவட்டங்களைத் தொடுகிறது. (சேத்துப்பட்டுனு சொன்னதும் எழும்பூருக்குப் பக்கத்துல இருக்கிறதுனு நினைச்சுடாதீங்க. இது லூர்து மாதா கோயிலுக்குப் பேர்போன சேத்துப்பட்டு!)

வடக்கு முனையில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. தெற்கு முனையில் திருச்சி பக்கம் போகும் நெடுஞ்சாலை. இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே நூல் கோத்த மாதிரி ஓடுகிறது எஸ்.எச் 4.

இரண்டு தலைநகரங்களுக்கு நடுவில்

'சும்மா ஒரு மாநில நெடுஞ்சாலை, இதுல என்ன வரலாறு?' என்று கேட்டால், இந்த ரூட்டின் இரண்டு பெயர்களை மட்டும் பாருங்கள். செஞ்சி, ஆற்காடு.

செஞ்சிக் கோட்டையை 1677-ல் சிவாஜி பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம் அதே கோட்டையிலிருந்து முகலாயப் படையை எதிர்த்து நின்றார். 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698-ல்தான் முடிந்தது. பிறகு 1714-ல் ராஜா தேசிங்கு, அதாவது தேஜ் சிங், ஆற்காட்டு நவாப் சதாதுல்லா கானை எதிர்த்துப் போரிட்டு இறந்தார். அதற்குப் பின் செஞ்சியின் செல்வாக்கு சரிந்து, ஆற்காடு தலைநகராக எழுந்தது. இன்றைய எஸ்.எச் 4, அந்தப் பழைய தலைநகரையும் புதிய தலைநகரையும் இணைக்கும் கோடு.

அந்தக் கோட்டுக்கு நடுவில் ஆரணி இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் சிவாஜியின் தந்தை ஷாஜி காலத்தில் வேதாஜி பாஸ்கர் பந்த் என்பவருக்கு இங்கே ஜாகிர் கிடைத்தது. பக்கத்தில் சத்தியவிஜயநகரத்தில் இருக்கும் பழைய அரண்மனை அந்த ஜாகிர்தார் குடும்பத்தின் அடையாளம்தான்.

1751-ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்ததும், அடுத்த சில நாள்களில் படையோடு போனது திமிரிக்கு. ஆற்காடு முற்றுகை விலகிய பிறகு, முராரி ராவின் மராட்டியக் குதிரைப் படையையும் சேர்த்துக்கொண்டு எதிரிப் படையைத் துரத்தி வந்து சண்டை போட்டது ஆரணியில். அது 1751 டிசம்பர். இன்றைக்கு பஸ்ஸில் 'ஆற்காடு, திமிரி, ஆரணி'னு கண்டக்டர் சொல்ற ஸ்டாப்புகளின் வரிசையும் அதுதான்!

முப்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு போர். ஹைதர் அலி தன் படைக்கான தானியத்தையும் தளவாடங்களையும் ஆரணிக் கோட்டையில் சேர்த்து வைத்திருந்தார். அதைக் குறிவைத்து ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வந்தார். 1782 ஜூன் 2-ல் சண்டை நடந்தது. ஆனால், கோட்டை அவர் கைக்குக் கிடைக்கவில்லை.

கவனித்தீர்களா? எல்லோரும் ஆரணிக்கு வந்தது அந்த இடம் ஒரு 'ஸ்டாப்' என்பதால்தான். படை தங்கும் இடம், தானியம் சேர்க்கும் இடம். வழியில் இருக்கும் ஊர், வருகிறவர்கள் நிற்கிற ஊராகவும் இருந்ததால்தான் அது வளர்ந்தது. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் தேவைப்படும்.

ஒரு சேலையின் டிராவல் ஹிஸ்டரி

இப்போது பட்டுக்கு வருவோம்.

செங்குந்தர், சௌராஷ்டிரர் எனப் பல நெசவுச் சமூகங்கள் பரம்பரையாகத் தறி போட்டிருக்கும் ஊர் ஆரணி. டவுன் மட்டுமல்ல, முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் எனச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும். காஞ்சிபுரம் பட்டைவிட எடை குறைவு, விலையும் கைக்கு அடக்கம் என்பதுதான் ஆரணிப் பட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பெருமை.

ஆனால், ஒரு சேலைக்குத் தேவையான எதுவும் ஆரணியில் விளைவதில்லை. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்து வருகிறது. ஜரிகைக்குப் பேர்போன ஊர் குஜராத்தின் சூரத். மேப்பில் என்.எச் 48-ஐப் பாருங்கள். டெல்லியில் தொடங்கி, சூரத், மும்பை, பெங்களூரு, வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாகச் சென்னையில் முடிகிறது. ஜரிகை ஊரும் பட்டு மாநிலமும் விற்கிற சந்தையும் ஒரே சாலையில்! அந்தச் சாலையிலிருந்து ஆரணிக்குத் திரும்பும் கிளைதான் ஆற்காட்டில் தொடங்கும் எஸ்.எச் 4.

நூலும் ஜரிகையும் இந்த வழியாக உள்ளே வருகின்றன. முதலாளி அல்லது கூட்டுறவு சங்கம் கொடுக்கும் பாவை நெசவாளர் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். நெய்து முடித்த சேலை அதே வழியாகக் காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் போகிறது. அங்கே போனதும் ஆரணி என்ற பெயர் பல நேரம் காணாமல் போய்விடுகிறது என்பது இந்த ஊர்க்காரர்களின் ரொம்ப நாள் குறை.

ஒரு பட்டுச் சேலை பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டாது. ஒரு கைப்பையில் நாலஞ்சு சேலையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடலாம். ரயில் இல்லாமலேயே இந்த ஊர் பட்டு ஊராகத் தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம். சரக்கு லேசு, மதிப்பு கனம். பஸ் போதும்!

அரிசிக்கு அப்படி இல்லை. ரைஸ் மில்லிலிருந்து கிளம்பும் மூட்டைகளுக்கு லாரிதான் வேண்டும். கைப்பையோடு பஸ் ஏறும் நெசவாளர், மூட்டையோடு கிளம்பும் லாரி, ஸ்கூல் பிள்ளைகளின் சைக்கிள், கல்யாணப் பட்டு எடுக்க வரும் வெளியூர் கார்... எல்லாவற்றுக்கும் இருப்பது ஒரே ரோடுதான்.

தெருவும் ஒரு தறிதான்

நெசவு ஊரில் தெரு என்பது நடக்கிற இடம் மட்டும் இல்லை. அதுவும் ஒரு தொழிற்கூடம்.

காலையில் நெசவாளர் தெருவுக்குப் போனால் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, இழைகளைச் சரி செய்துகொண்டிருப்பார்கள். அவ்வளவு நீளத்துக்கு எந்த வீட்டிலும் இடம் கிடையாது. அந்த நேரத்தில் ஒரு பைக் அவசரமாக நுழைந்தால், ஒரு குடும்பத்தின் சில வார வேலை சிக்கலாகிவிடும்.

வீட்டுக்குள் இருக்கும் குழித்தறியும் அப்படித்தான். தரையில் பள்ளம் வெட்டி, அதில் காலை விட்டு மிதித்து நெய்யும் தறி அது. கட்டிலைப் போலத் தூக்கி வேறு வீட்டில் போட முடியாது. நீளமான கூடம் வேண்டும், தரைத்தளம் வேண்டும். மேல்மாடி வாடகை வீடு ஒத்துவராது.

அதனால்தான் சாலை அகலமாகிறது என்ற செய்தியை மற்ற ஊர்க்காரர்கள் படிக்கிற மாதிரி ஒரு நெசவு ஊர் படிக்க முடியாது. மெயின் ரோட்டில் நெரிசல் கூடினால் வண்டிகள் குறுக்கு வழி தேடி உள் தெருக்களுக்குள் நுழையும். முதலில் நின்றுபோவது பாவு நீட்டும் வேலைதான்.

இப்போ ஏன் பேசணும்?

இந்தச் சாலையைச் சுற்றி ஒரே நேரத்தில் பல விஷயங்கள் நகர்கின்றன.

ஒன்று, செஞ்சி. 2025 ஜூலையில் 'மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி. வேலூர் பக்கத்திலிருந்து செஞ்சிக்கு வருபவர்களுக்கு ஆற்காடு, ஆரணி வழியாக ஒரு நேர் ரூட் இருக்கிறது.

இரண்டு, அகலப்படுத்தும் திட்டங்கள். மாவட்டத் தலைநகரங்களையும் தாலுகா தலைநகரங்களையும் இணைக்கும் 2,200 கிலோமீட்டர் சாலைகளைப் பத்து ஆண்டுகளில் நான்கு வழியாக்கப்போவதாகத் தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. ஆற்காடு, ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி நான்கும் தாலுகா தலைநகரங்கள். விழுப்புரம் மாவட்டத் தலைநகரம். எஸ்.எச் 4 போன்ற சாலைகளின் எதிர்காலம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அதே 2021-ல், சென்னை - கன்னியாகுமரி தொழில் வழித்தடத்துக்காக 590 கிலோமீட்டர் மாநில நெடுஞ்சாலைகளை மேம்படுத்த ஆசிய வளர்ச்சி வங்கியுடன் 48.4 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் போடப்பட்டது. அந்தத் திட்டத்தில் வரும் செய்யூர் - வந்தவாசி - போளூர் சாலை, எஸ்.எச் 4-ஐச் சேத்துப்பட்டில் குறுக்கே கடக்கிறது.

மூன்று, ரயில். திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை வழியாக ஆந்திராவின் நகரிக்கு சுமார் 180 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2006-07-ல் அனுமதி கிடைத்தது. அந்த வருஷம் பிறந்த குழந்தைகள் இப்போது ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். ஆனால், ஆரணிக்காரர்கள் இன்னும் களம்பூர் போய்த்தான் ரயில் ஏறுகிறார்கள்.

நான்கு, ஆட்கள். படித்த பிள்ளைகள் தறியில் உட்கார விரும்புவதில்லை. செய்யாறு சிப்காட்டின் ஷூ கம்பெனிகளுக்கும், ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளுக்கும் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்களை இந்தப் பகுதியின் பல ஊர்களில் பார்க்கலாம். மாதச் சம்பளம், பி.எஃப் என்று கேட்கும்போது தறியால் பதில் சொல்ல முடியவில்லை. பட்டை வெளியே கொண்டுபோன ரோடு, இப்போது நெசவாளரின் பிள்ளைகளையும் வெளியே கொண்டுபோகிறது. அதைத் தப்பு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் 35 லட்சத்துக்கும் அதிகமான கைத்தறித் தொழிலாளர்களில் 72 சதவிகிதம் பெண்கள். வீட்டிலிருந்தபடியே செய்யும் ஒரு தொழில் கைவிட்டுப் போனால், வெளியூர் வேலைக்குப் போக முடியாத பெண்களுக்கு வேறு என்ன மிஞ்சும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அகலம் வேண்டும்தான்... ஆனால்!

'அப்போ ரோடே அகலமாக வேண்டாமா?' வேண்டும். அதற்கு வலுவான காரணமே இருக்கிறது.

2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. மொத்தம் 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். நாட்டின் மொத்த சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலையும் மாநில நெடுஞ்சாலையும் சேர்ந்தே சுமார் 5 சதவிகிதம்தான். ஆனால், சாலை மரணங்களில் சுமார் 60 சதவிகிதம் இந்த இரண்டிலும் நடக்கின்றன. மாநில நெடுஞ்சாலையில் மட்டும் கிட்டத்தட்ட நான்கில் ஒரு மரணம். லாரியும் சைக்கிளும் ஒரே தாரில் ஓடினால் இதுதான் நடக்கும்.

ஆக, கேள்வி 'அகலப்படுத்தலாமா' என்பதல்ல, 'எப்படி' என்பது.

இங்கே ஒரு சட்ட விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். மாநில நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-ன் கீழ். 2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த நில எடுப்புச் சட்டம், நிலம் எடுப்பதற்கு முன்பே சமூகத் தாக்க மதிப்பீடு நடத்தச் சொல்கிறது. தமிழ்நாடு தன்னுடைய சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றத்தில் புதிய சட்டம் கொண்டுவந்து அதை உயிர்ப்பித்தார்கள். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

இதனால் நடைமுறையில் என்ன ஆகிறது? இழப்பீட்டுக் கணக்கில் 2013 சட்டத்தின் அட்டவணைகள் பொருந்தும். ஆனால், 'இந்த ரோட்டால் யாருடைய பிழைப்பு என்ன ஆகும்' என்று முன்கூட்டியே ஊரைக் கூட்டிக் கேட்பது கட்டாயம் இல்லை. பட்டா வைத்திருப்பவர் கணக்கில் வருவார். வாடகை வீட்டில் குழித்தறி போட்டிருப்பவர்? பஸ் ஸ்டாப் ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா? கேட்டால்தான் கணக்கில் வருவார்கள்.

இந்த மாவட்டத்துக்கு இது புதிய பாடமும் இல்லை. 2018-ல் சென்னை - சேலம் எட்டு வழிச் சாலைக்கு அதிக எதிர்ப்பு வந்த மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய்த் திட்டம். வயலை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும், ஆனால் நம் ஊரில் நிற்காது என்பதும் அந்தக் கோபத்தில் இருந்தது. சேலம் போகிறவருக்கு நேரம் மிச்சம். வழியில் இருக்கிறவருக்கு என்ன?

மாநில நெடுஞ்சாலையின் பலமே அது நிற்கிற சாலை என்பதுதான். கையைக் காட்டினால் பஸ் நிற்கும். போர்டைப் பார்த்தால் கார் நிற்கும். அந்த நிறுத்தத்தில்தான் ஒரு ஊரின் வியாபாரம் நடக்கிறது. அகலப்படுத்தும்போது நடுவில் தடுப்புச் சுவர் வைத்து, ஊருக்கு வெளியே புறவழிச் சாலை போட்டுவிட்டால் லாரி நெரிசல் குறையும், விபத்து குறையும். நல்லதுதான். ஆனால், செஞ்சிக் கோட்டை பார்க்கப் போகும் குடும்பம் ஆரணியைப் பார்க்காமலேயே தாண்டிவிடும்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாதா? முடியும். லாரிக்கு ஊருக்கு வெளியே வழி. பஸ் ஊருக்குள்ளேயே வர வேண்டும் என்ற உறுதி. புறவழிச் சாலை பிரியும் இடத்தில் 'ஆரணிப் பட்டு' என்று பெரிதாக ஒரு பெயர்ப் பலகை, நெசவாளர்கள் நேரடியாக விற்க ஓர் இடம். நெசவாளர் தெருக்களில் காலை நேரத்தில் வண்டிகளுக்குத் தடை. அளவெடுக்க வரும்போது வீட்டோடு தறியையும் சேர்த்து எண்ணுவது. எட்டு வழிச் சாலைக்கு ஒதுக்கிய பணத்தோடு ஒப்பிட்டால் இதற்கெல்லாம் ஆகும் செலவு சில்லறை. ஆனால், தார் ஊற்றிய பிறகு யோசித்தால் இதில் பாதி நடக்காது.

1751-ல் கிளைவும் 1782-ல் கூட்டும் ஆரணிக்கு வந்தது, அங்கே நிற்க ஒரு காரணம் இருந்ததால். இப்போது அந்தக் காரணம் தானியக் கிடங்கு இல்லை, ஒரு குழித்தறி. நாளைக்கு நான்கு வழியில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு கார் ஆரணியில் பிரேக் போடுமா, போடாதா என்பதை அந்த டிரைவர் முடிவு செய்யப்போவதில்லை. சாலையின் வரைபடத்தில் கோடு போடுகிறவர்தான் முடிவு செய்கிறார்.

அடுத்த தடவை வீட்டில் கல்யாணப் பட்டு எடுக்கும்போது, கடைக்காரரிடம் 'இது எந்த ஊர்த் தறி?' என்று ஒரு வார்த்தை கேளுங்க. 'ஆரணி'னு பதில் வந்தா, ஒரு எட்டு நேர்லயே போயிட்டு வாங்க. ஆற்காட்டில் பஸ் ஏறி, திமிரி தாண்டினால் ஆரணி. ரயில் ஆப்பை மட்டும் நம்பிடாதீங்க!